அழிந்தது எவருடைய கற்பு?

ஒரு சொல்லோடு எனக்கு நெடுநாட் பகை உண்டு. 'கற்பழிப்பு' என்பதே அச்சொல். பெண்ணொருத்தி மீது பாலியல் வன்முறை நிகழ்ந்ததாகச் செய்தி வந்தால், எத்தனையோ தமிழ்ச் செய்தியாளர்களின் பேனா இச்சொல்லை நோக்கித் தானாகவே ஓடும். ஒரு வீட்டை உடைத்துத் திருடினார்கள் என்றால் வீட்டுக்காரரின் மானம் போயிற்று என்று எவரும் எழுதுவதில்லை. ஒருவர் வாள்வெட்டுக்கு இலக்கானால் அவரது வீரம் அழிந்தது என்று தலைப்பிடுவதில்லை. இந்த ஒரு குற்றத்தில் மட்டும், குற்றவாளி செய்ததை ஒதுக்கிவிட்டு, குற்றத்துக்கு ஆளானவள் எதனை இழந்தாள் என்று எழுதுகிறோம். விசாரணைக்கு முன்பே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. தண்டனை பெறுபவள் அவளே.

அண்மைக் காலத்தில் 'பாலியல் வல்லுறவு', 'வன்புணர்வு' என்னும் சொற்கள் வழக்குக்கு வந்துள்ளன. மகிழ்ச்சிதான். ஆயினும் சொல் மாறிய வேகத்தில் எண்ணம் மாறவில்லை. யாழ்ப்பாணத்துக் கலியாணப் பேச்சுகளிலும், ரொறன்ரோ, இலண்டன், பரிஸ் நகரங்களின் தமிழ்த் திருமண மண்டபங்களிலும், மேடைப் பேச்சுகளிலும் ஒரே வாதம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பெண்ணின் கன்னிமை தமிழ்ப் பண்பாட்டின் உயிர்நாடியாம். மேல்நாட்டாருக்கு அதன் அருமை தெரியாதாம். அவர்களோடு வாழ்ந்து நாமும் அதனை இழந்துவருகிறோமாம்.

இந்த வாதத்தில் மூன்று கூற்றுகள் உள்ளன. கன்னிமைக் கோட்பாடு நமக்கே உரியது என்பது ஒன்று. அது நமது தொன்மை என்பது இன்னொன்று. அது பெண்ணைக் காக்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் பொய் என்பது என் துணிபு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேற்கு மறந்த கதையா?

கன்னிமையை மேற்கு நாடுகள் கொண்டாடிய அளவுக்கு வேறெவரும் கொண்டாடியிருப்பார்களா என்பது ஐயமே. பண்டைய உரோமாபுரியில் வெஸ்டா தெய்வத்தின் அணையா விளக்கைக் காப்பதற்கு ஆறு முதல் பத்து வயதுக்குட்பட்ட சிறுமியர் தெரிவுசெய்யப்பட்டனர். முப்பது ஆண்டுகள் அவர்கள் கன்னியராகவே இருத்தல் வேண்டும். தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவள் உயிரோடு நிலத்தினுள் அடைக்கப்பட்டாள். போரில் தோற்றாலோ கொள்ளைநோய் வந்தாலோ, அந்தப் பெண்களுள் எவளாவது தவறியிருப்பாள் என்ற சந்தேகம் நகரில் எழுவதுண்டு. ஓர் அரசின் நலன் முழுவதையும் சில பெண்களின் உடலில் ஏற்றி வைத்த ஏற்பாடு அது. தமிழினத்தின் மானம் நமது பெண்களின் உடலில் இருக்கிறது என்று முழங்கும் நம்மூர்ப் பேச்சாளர்கள், தம்மையறியாமலே பழைய உரோமரின் மொழியைப் பேசுகிறார்கள்.

கிறித்தவம் பரவியபோது கன்னிமை பெருஞ் சமயநெறியாக வளர்ந்தது. 410 ஆம் ஆண்டில் விசிகோத்துகள் உரோமாபுரியைச் சூறையாடினர். அச்சூறையாடலில் வன்முறைக்கு ஆளான பெண்களைப் பற்றிப் புனித அகுஸ்தீனார் தமது 'கடவுளின் நகரம்' நூலின் முதற் பகுதியிலேயே எழுத நேர்ந்தது. தூய்மை என்பது மனத்தின்பாற்பட்டது, உள்ளம் இசையாதபோது உடலுக்குப் பிறர் இழைக்கும் கொடுமையால் அது அழிவதில்லை என்பது அவர் முடிவு. வன்புணர்வுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட உலுக்கிரீசியாவை உரோமர் தலைமுறை தலைமுறையாகப் போற்றியதையும் அவர் கேள்விக்குள்ளாக்கினார். அவள் குற்றமற்றவளாயின் அவள் சாவை ஏன் புகழ்கிறீர்கள் என்பதே அவரது வினா. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பெண்கள் குறித்து மிகக் கடுமையான கருத்துகள் பல கொண்டிருந்த ஒரு துறவிக்கு விளங்கிய இந்த உண்மை, நமது பத்திரிகைகளுக்கு விளங்க இவ்வளவு காலம் ஆனது ஏன்?

அகுஸ்தீனார் சொன்னதை அவரது திருச்சபையே முழுமையாகக் கேட்டதென்று சொல்வதற்கில்லை. 1429 இல் பிரான்சின் இளவரசர் ஜோன் ஒப் ஆர்க் என்ற கிராமத்துப் பெண்ணை நம்புவதற்கு முன்னர் அவள் கன்னிதானா என்று பெண்களைக் கொண்டு சோதிப்பித்தனர். 1431 இல் அவளைச் சிறைப்பிடித்து விசாரித்த எதிர்த் தரப்பினரும் அவ்வாறே சோதித்தனர். இரண்டு தரப்பும் அவளைக் கன்னி என்றே கண்டன. அது அவளை நெருப்பிலிருந்து காக்கவில்லை.

சமயத்தின் பின்னால் சொத்து நின்றது. நிலமும் பட்டமும் தந்தை வழி இறங்கும் குடும்பங்களில், பிறக்கும் பிள்ளை தன்னுடையதே என்ற உறுதி ஆணுக்குத் தேவைப்பட்டது. மணமகளின் கன்னிமை அந்த உறுதிக்கு வைக்கப்பட்ட ஈடு. இது மங்கிய பழங்கதை என்று எண்ணற்க. 1981 இல் இங்கிலாந்தின் இளவரசர் சார்ள்ஸ் மணமுடிக்கவிருந்தபோது, மணமகள் டயானாவுக்கு அதற்கு முன் காதலர் எவரும் இருந்ததில்லை என்று அவரது தாய்மாமனான பிரபு ஒருவர் பத்திரிகைகளுக்கு உறுதியளித்தார். முப்பத்திரண்டு வயது மணமகனைப் பற்றி அத்தகைய உறுதிமொழி எதையும் எவரும் கேட்கவில்லை. 1993 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கிறித்தவ இயக்கத்தில் இலட்சக்கணக்கான இளையோர் திருமணம் வரை காத்திருப்பதாகச் சத்தியம் செய்தனர். அத்தகைய சத்தியம் செய்தோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர்கள் பீற்றர் பியர்மன், ஹன்னா புரூக்னர் ஆகியோர், பாலியல் நோய்கள் தொற்றும் வீதத்தில் இவர்களுக்கும் ஏனையோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2005 இல் வெளியிட்டனர்.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையாசிரியரை இங்கு நினைவுகூர வேண்டும். 1885 இல் 'பால் மால் கசற்' இதழின் ஆசிரியர் டபிள்யூ. ரி. ஸ்ரெட், இலண்டனில் ஏழைச் சிறுமியர் விபசாரத்துக்கு விற்கப்படுவதை அம்பலப்படுத்தினார். அதனை நிறுவுவதற்காகப் பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தியை அவரே விலைகொடுத்து வாங்கும் ஏற்பாட்டையும் செய்தார். அந்த வியாபாரத்தில் ஒரு மருத்துவச்சியும் இருந்தாள். சிறுமி கன்னிதான் என்று சான்று கூறுவதே அவள் வேலை. தொடர் வெளியான அதே ஆண்டில் இங்கிலாந்தில் பாலியல் இசைவுக்கான வயது 13 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஸ்ரெட் மூன்று மாதம் சிறை சென்றார். அவர் கையாண்ட வழி சரியா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் அவர் வெளிக்கொணர்ந்த செய்தி தெளிவானது. கன்னிமைக்கு மிக உயர்ந்த மதிப்புக் கொடுத்த விக்டோரியா காலத்துச் சமூகத்தில்தான் அதற்கு மிக உயர்ந்த விலையும் இருந்தது.

விமானநிலையத்தில் நமது பண்பாடு

மேற்குக்குக் கன்னிமையின் அருமை தெரியாது என்போர் 1979 ஜனவரியில் இலண்டன் ஹீத்ரோ விமானநிலையத்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். மணமுடிப்பதற்காக இந்தியாவிலிருந்து வந்திறங்கிய முப்பத்தைந்து வயது ஆசிரியை ஒருவரைக் குடிவரவு அதிகாரிகள் மருத்துவரிடம் அனுப்பினர். அவர் கன்னிதானா என்று உடலைச் சோதித்தனர். மணமாகப்போகும் பெண்ணுக்கு ஒரு விதி, மணமாகிய பெண்ணுக்கு வேறு விதி. ஆகவே அவர் சொல்வது மெய்யா என்று அறிய அவர்கள் கண்ட வழி அது. அடுத்த மாதத் தொடக்கத்தில் 'கார்டியன்' நாளிதழ் அதனை வெளியிட்டது. பெரும் கண்டனம் எழுந்தது, அச்சோதனை நிறுத்தப்பட்டது. பிற்காலத்தில் பிரித்தானிய ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த குறைந்தது எண்பது பெண்களாவது இவ்வாறு சோதிக்கப்பட்டதாகக் கண்டனர்.

அந்த அதிகாரிகளின் தருக்கம் என்ன? இந்தியப் பெண் மணமாகாதவளாயின் கன்னியாகத்தான் இருப்பாள், கன்னியாக இல்லாவிடின் அவள் மணமானவள் என்பதே. நாம் மேடையில் ஏறி நின்று பெருமிதத்தோடு சொல்லும் அதே வாக்கியம். நம்முடைய பெருமையை அவர்கள் நம்பினார்கள். நம்பியதால் நம் பெண்ணை மேசையில் கிடத்தினார்கள். அதனை இனவெறி என்று கண்டித்தோம். சரியாகவே கண்டித்தோம். அதே கேள்வியை வருங்கால மாமியார் கேட்டால் மட்டும் அது பண்பாடு ஆகிவிடுமா?

நமது தொன்மை சொல்வது என்ன?

இனித் தொன்மைக்கு வருவோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியல் என்று ஓர் இயல், கற்பியல் என்று ஓர் இயல். களவு என்பது பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் கூடும் ஒழுக்கம். கற்பு என்பது கரணத்தோடு கூடிய மணவாழ்க்கை. களவு கற்பாக முதிர்வதே அங்கு நெறி. தலைவியின் நிலை வெளிப்பட நேரும்போது தோழியும் செவிலியும் அறத்தொடு நின்று உண்மையை எடுத்துரைத்து, அவனுக்கே அவளை மணம்செய்விக்க வழிகாண்கிறார்கள். அங்கு எழும் கவலை, அவன் வரைந்துகொள்ள வருவானா, காலம் தாழ்த்துவானா என்பதே. அவள் கெட்டுவிட்டாள் என்று தோழி சொல்வதில்லை. சொல்லும் வாக்கும் பொய்யாகத் தொடங்கிய பின்னரே சடங்குகள் ஏற்பட்டன என்று தொல்காப்பியர் காரணமும் கூறுகிறார். பெண்ணைக் கைவிடும் ஆணின் பொய்ம்மைக்கு எதிரான காப்பாகத் திருமணச் சடங்கு பிறந்தது என்றுதான் இதற்குப் பொருள் கொள்ள முடியும்.

கண்ணகியை எடுத்துக்கொள்வோம். கற்பின் தெய்வமாக நாம் போற்றும் அவள் மணமான பெண். மதுரையை எரித்த அவளது கற்பு, மனவுறுதியும் அறச்சீற்றமும் கலந்த ஒன்று. அரசனை நேருக்கு நேர் நின்று குற்றவாளி என்று நிறுவிய துணிவு அது. அந்தக் கற்பைச் சுருக்கிச் சுருக்கி, உடலில் உள்ள ஒரு சவ்வின் அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம்.

யாழ்ப்பாணத்தின் தனிவழக்கையும் பார்க்க வேண்டும். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசக்ஸ் நமது வழமைகளைத் தொகுத்து 1707 இல் ஒப்படைத்தார். பன்னிரு தமிழ் முதலிமார் அதனைப் படித்துச் சரியென ஏற்றுக்கொண்டனர். அதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைபிரிக்கும் அச்சட்டத்தொகுப்பில், கணவனை இழந்தவள் மறுமணம் செய்தால் முதல் மணத்துப் பிள்ளைகளை எவர் வளர்ப்பது, அவர்களுக்கு எந்தச் சொத்திலிருந்து சீதனம் கொடுப்பது என்று விரிவான விதிகள் உள்ளன. வழக்கில் இல்லாத ஒன்றுக்கு எவரும் விதி எழுதமாட்டார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னைய யாழ்ப்பாணம், ஒரு பெண் இரண்டாம் முறை மணப்பதைக் குடும்ப வாழ்வின் இயல்பான நிகழ்வுகளுள் ஒன்றாகக் கண்டு கணக்கெழுதியது. இன்று போரில் கணவனை இழந்த இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மறுமணத்தைப் 'பண்பாட்டுக்கு மாறு' என்று சொல்வோர், எந்தப் பண்பாட்டைச் சொல்கிறார்கள்?

பின்னர் என்ன நடந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனரிமாரும் ஆங்கிலேய மிஷனரிமாரும் தம் காலத்துப் புரட்டஸ்தாந்து ஒழுக்கத்தையும் கையோடு கொண்டுவந்தனர். 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை பெண்கல்விக்குச் செய்த தொண்டு பெரிது. அதில் ஐயமில்லை. ஆயினும் அடக்கமும் இல்லறத் தூய்மையும் கொண்ட விக்டோரிய இல்லத்தரசி என்ற இலட்சியமும் அக்கல்வியோடு வந்தது. மிஷனரிமாரை எதிர்த்து எழுந்த ஆறுமுக நாவலரின் சைவ மறுமலர்ச்சியும், அவர்களது பள்ளிக்கூடத்தையும் அச்சுக்கூடத்தையும் போலத் தன்னுடையவற்றை நிறுவி, ஒழுக்கத்தைப் பாடப்புத்தகத்துக்குள் கொண்டுவந்தது. எதிரெதிர் அணிகளாக நின்ற இருவரும், 'நல்ல வீட்டுப் பெண்' எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெரிதும் ஒத்துப்போனார்கள். இதே நாவலர்தான் கண்ணகி வழிபாடு சைவத்துக்குப் புறம்பானதென்று கண்டித்தவர். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல காலப்போக்கில் இராசராசேசுவரி முதலிய வேறு அம்மன் பெயர்களை ஏற்றன. அரசனைத் தட்டிக்கேட்ட கண்ணகி கோயிலிலிருந்து வெளியேற, அடங்கி ஒடுங்கிய கற்பு வீட்டுக்குள் குடியேறியது.

அந்தக் கற்பும் எல்லோருக்கும் பொதுவாக வைக்கப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணிவதையே இருபதாம் நூற்றாண்டிலும் தடுக்க முயன்ற குடாநாடு இது. தன் வீட்டுப் பெண்ணைக் கிடுகு வேலிக்குள் காத்தவர்களே, வேலிக்கு வெளியே வயலில் வேலை செய்தவள் மார்பை மறைக்கக் கூடாது என்றார்கள். கற்பு என்பது உயர்சாதியின் சொத்துரிமைகளுள் ஒன்றாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 'கற்பு' என்ற தலைப்போடு 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைத் தொடங்கிய ஈ.வெ.ரா. பெரியார், ஆணுக்கு இல்லாத ஒரு சொல்லைப் பெண்ணுக்கு மட்டும் வைத்தது ஏன் என்று கேட்டார். அக்கேள்விக்கு யாழ்ப்பாணம் இன்னும் விடை சொல்லவில்லை.

காத்ததா, கொன்றதா?

மூன்றாவது கூற்று, இக்கோட்பாடு பெண்ணைக் காக்கிறது என்பது. போர் அதனைச் சோதித்துப் பார்த்தது.

1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது பெண்கள் பலர் வன்புணர்வுக்கு ஆளாகினர். அவர்களைத் தேடிச் சென்று பதிவுசெய்தவர்களுள் முதன்மையானவர் யாழ். பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் கலாநிதி ராஜினி திராணகம. 'முறிந்த பனை' நூலில் அவர் எழுதிய பகுதியைப் படித்தவர்கள், அப்பெண்கள் படையினரின் கையில் பட்ட துன்பத்தோடு, ஊரின் கண்ணுக்கு அஞ்சிப் பட்ட துன்பத்தையும் அறிவார்கள். வெளியே சொன்னால் வாழ்வு முடிந்தது. சொல்லாவிட்டால் குற்றவாளி தப்பினான். கன்னிமைக் கோட்பாடு அவர்களைக் காக்கவில்லை, குற்றவாளிகளைக் காத்தது. 1989 செப்டெம்பர் 21 அன்று ராஜினி சுட்டுக்கொல்லப்பட்டார். ஊர் கேட்க விரும்பாத உண்மைகளைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் அத்தோடு அடங்கிற்று.

1996 செப்டெம்பரில் கைதடிச் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்ட பாடசாலை மாணவி வன்புணர்வின் பின் கொல்லப்பட்டாள். தேடிச்சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 இல் கொழும்பில் படையினருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அம்மாணவிக்காகத் தமிழுலகம் முழுவதும் அழுதது. அழுதது நியாயமே. ஆனால் என் மனத்தை அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. அவள் உயிரோடு திரும்பியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? இறந்தவளைத் தெய்வமாக்குவதும், பிழைத்தவளைப் பார்வையால் கொல்வதும் நமது வழக்கம் அல்லவா?

2009 இல் போர் முடிந்தபின் வடக்கில் 40,000, கிழக்கில் 49,000 என மொத்தம் 89,000 பெண்கள் கணவரை இழந்தவர்களாக இருப்பதாக அடுத்த ஆண்டில் பிரதியமைச்சர் ஹிஸ்புல்லாஹ் கூறினார். 'புனர்வாழ்வு' என்ற பெயரில் தடுத்துவைக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். களத்தில் நின்ற காலத்தில் அவர்களை வீராங்கனைகள் என்று பாடினோம். தடுப்பிலிருந்து வீடு திரும்பியபோது அவர்களிடம் ஒரு கேள்வியைத்தான் கண்ணால் கேட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நகரமொன்றிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் தமது மகனுக்குப் பெண் பார்க்கிறார். சாதகம் பொருந்திவிட்டது, சீதனம் பேசியாயிற்று. பெண்ணின் வீடு நான் அறிந்த ஊர். "அண்ணை, குறை நினையாதையுங்கோ. பிள்ளை கொஞ்சக் காலம் தடுப்பிலை இருந்ததாம். ஆமிக்காரன்ரை இடம். ஊரிலை என்ன மாதிரிக் கதைக்கினம்?" என்றார். உங்கள் மகன் பதினைந்து ஆண்டுகளாக அங்கு தனியே இருக்கிறாரே, அவரைப் பற்றி அந்த ஊரில் என்ன கதைக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். "அவன் ஆம்பிளைப் பிள்ளை அண்ணை" என்று சிரித்தார். அச்சிரிப்பில் கூச்சம் துளியும் இருக்கவில்லை. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. அப்பெண் இன்று ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள்.

புலம்பெயர்ந்த ஆண்கள் பலர் அங்கு காதலித்தும் கூடி வாழ்ந்தும், மணமென்று வரும்போது 'ஊர்ப் பெண்' தேடி வருவதன் உட்பொருளை நாமனைவரும் அறிவோம். பரிசிலும் சூரிச்சிலும் வளர்ந்த தமிழ்ப் பெண்ணின் மேல் ஐயம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள் மேல் நம்பிக்கை. அவளும் முகாமில் இருந்தவளாயின் மீண்டும் ஐயம். அங்கு பன்னிரண்டு வயதுச் சிறுமியின் சாமத்திய வீட்டை மண்டபம் பிடித்து, வாகன ஊர்வலம் வைத்து, படம் பிடித்து ஊருக்கு அறிவிக்கிறோம். அன்றிலிருந்து அவள் கைத்தொலைபேசியைச் சோதிக்கத் தொடங்குகிறோம்.

மருத்துவமும் சட்டமும்

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதன் பொருட்டு? கன்னிச்சவ்வு என்று சொல்லப்படுவது யோனி வாயிலின் ஓரத்தில் அமைந்த நெகிழ்வான ஒரு சவ்வு. அதன் வடிவமும் தடிப்பும் ஆளுக்காள் வேறுபடும்.  முதற்புணர்ச்சியில் இரத்தம் காணாதவர்கள் ஏராளம். அதனைப் பார்த்து ஒருத்தி உடலுறவு கொண்டவளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் கூற இயலாது. 2018 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் ஏனைய இரு அமைப்புகளும் இதனைத் தெளிவாக அறிவித்து, கன்னிமைச் சோதனையை ஒழிக்கும்படி கோரின. அப்போது இருபதுக்குக் குறையாத நாடுகளில் அது வழக்கிலிருந்தது. பிரான்ஸ் 2021 இல் கன்னிமைச் சான்றிதழ் வழங்குவதைத் தடைசெய்தது. பிரித்தானியாவில் 2022 ஜூலை முதல் கன்னிமைச் சோதனையும் கன்னிச்சவ்வுச் சத்திரசிகிச்சையும் குற்றங்கள். 1979 இல் விமானநிலையத்தில் சோதித்த அதே நாடு இன்று அதனைக் குற்றமாக்கியிருக்கிறது. தடைச்சட்டம் தேவைப்பட்டது, பணம் கொடுத்து இதனைச் செய்விக்கும் குடும்பங்கள் அங்கு இருந்ததனால்.

இந்தியாவில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களை 'இரு விரற் சோதனை'க்கு உட்படுத்தும் கொடுமை நெடுங்காலம் நீடித்தது. 2013 இல் உச்சநீதிமன்றம் அது பெண்ணின் கண்ணியத்தை மீறுவதாகக் கூறியது. 2022 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், ஒக்டோபர் 31 அன்று மீண்டும் உச்சநீதிமன்றமும் கடுமையாகக் கண்டித்தன. அதே உச்சநீதிமன்றந்தான், திருமணத்துக்கு முன்னைய உறவு குறித்து 2005 இல் கருத்துச் சொன்னதற்காக நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் தொடுக்கப்பட்ட இருபதுக்கு மேற்பட்ட வழக்குகளை 2010 ஏப்ரல் 28 அன்று தள்ளுபடி செய்தது. தமிழ்ப் பெண்களின் கற்பைக் காக்க வழக்குப் போட்டவர்கள், இரு விரற் சோதனைக்கு எதிராகத் தெருவில் இறங்கியதை நான் காணவில்லை.

இலங்கைச் சட்டத்திலும் இதன் நிழல் உண்டு. ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வகுத்த சாட்சியச் சட்டத்தை அடியொற்றி 1895 இல் இயற்றப்பட்ட நமது சாட்சியக் கட்டளைச் சட்டம், வன்புணர்வு வழக்கில் முறைப்பாட்டாளர் பொதுவாக ஒழுக்கங்கெட்டவர் என்று காட்டி அவரது சாட்சியத்தைத் தாக்க இடமளித்தது. இந்தியா தன் சட்டத்திலிருந்து அவ்வாசகத்தை 2003 இல் நீக்கியது. இலங்கையில் 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, உடலில் காயமில்லை என்பதால் மட்டும் பெண் இசைந்தாள் என்று கொள்ளலாகாது என்று சட்டம் தெளிவாகச் சொன்னது. சட்டம் சொன்னதை ஊர் ஏற்றதா?

"அப்படியானால்..." என்பவர்களுக்கு

இவ்வளவும் எழுதினால் ஒரு கேள்வி வருமென்பது தெரியும். அப்படியானால் கட்டுப்பாடில்லாத வாழ்வுக்கு வக்காலத்து வாங்குகிறீரா? இல்லை. திருமணம் வரை காத்திருப்பது என்று ஒரு பெண்ணோ ஆணோ தாமே முடிவுசெய்தால் அது அவர்களது உரிமை, மதிப்பிற்குரியதே. பிள்ளைகள் ஏமாற்றப்படலாகாது, இளவயதில் கருவுற்றுப் படிப்பை இழக்கலாகாது என்று பெற்றோர் கவலைப்படுவதும் நியாயமே. ஆனால் அக்கவலைக்கு மருந்து, உடல் பற்றிய அறிவும், 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவும், நேர்ந்ததை அஞ்சாமல் வந்து சொல்லக்கூடிய தாய் தந்தையும். தவறினால் செத்துப்போ என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண், மாமனோ ஆசிரியனோ அத்துமீறும்போது வீட்டில் வந்து சொல்லமாட்டாள். சொன்னால் தான் 'கெட்டுப்போனவள்' ஆகிவிடுவேன் என்று அஞ்சுவாள். அவளுடைய மௌனத்தில்தான் அந்த மாமன் பத்து ஆண்டுகள் பெரிய மனிதனாக உலவுகிறான். நீதிமன்ற முற்றங்களில் நான் கண்ட தாய்மார் பலர், பிள்ளைக்கு நடந்ததைவிட, நடந்தது ஊருக்குத் தெரிந்ததற்காகவே அதிகம் அழுதார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அச்சத்தை அவர்களுக்கு ஊட்டியவர்கள் நாம்.

செய்ய வேண்டியவை சில. அவற்றுக்குச் சட்டமும் பணமும் தேவையில்லை. பத்திரிகைகளும் வானொலிகளும் இணையத்தளங்களும் 'கற்பழிப்பு', 'கற்பைச் சூறையாடினர்', 'சீரழிக்கப்பட்டாள்' என்னும் தொடர்களை முற்றாகக் கைவிடட்டும். பாதிக்கப்பட்டவளின் ஒழுக்கத்தை ஆராயும் பத்தியைச் செய்தியாசிரியர்கள் வெட்டி எறியட்டும். கலியாணம் பேசுவோர் ஆணிடம் கேட்கத் துணியாத கேள்வியைப் பெண்ணைப் பற்றிக் கேளாதிருக்கட்டும். எவராவது கேட்டால், கேட்கப்பட்டவர் பதில் சொல்லாதிருக்கட்டும். மருத்துவர்கள், எந்தத் தாய் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும், அத்தகைய சோதனை ஒன்று இல்லை என்று சொல்லி அனுப்பட்டும். முகாமிலும் தடுப்பிலும் இருந்து மீண்ட பெண்களைப் பார்த்து ஊர் கேட்பதற்கு நல்ல கேள்விகள் பல உண்டு. சாப்பிட்டாயா, வேலை கிடைத்ததா, வழக்குப் போட வேண்டுமா, துணைக்கு வரவா என்பன அவற்றுட் சில.

கற்பு என்ற சொல்லுக்குக் கல்வி என்றும் ஒரு பொருள் பழந்தமிழில் உண்டு. அந்தப் பொருளில் இச்சமூகம் இழந்தது ஏராளம். அதனை மீட்கும் வேலையை ஆண்களிடமிருந்து தொடங்கலாம்.